லாஸ் ஏஞ்சலிஸ் ஓசோன்: லாரிப் புகையைக் குறைத்தால் கூடுமா, குறையுமா?

மலைச்சாரல்: லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே இருக்கும் ரிவர்சைடுக்குக் குடிவந்து ஆறு வருஷம். ஆகஸ்டில் காலை நேரம் சான் பெர்னார்டினோ மலை கையெட்டும் தூரத்தில் நிற்கும். மூன்று மணிக்குப் பார்த்தால், மூச்சைக் கெடுக்கும் ஓசோன் கலந்த புகைமூட்டத்தில் மலை இருந்த சுவடே இருக்காது. அன்றைக்கு மகனுக்குப் பள்ளியில் வெளி விளையாட்டும் கிடையாது. துறைமுகத்திலிருந்து கிடங்குகளுக்கு வரும் டீசல் லாரிகளை முதலில் கட்டுப்படுத்த வேண்டும் என்பது என் கட்சி.

குடுவை: லாரியைக் குறைத்தால் ஓசோன் கூடிவிடும், பார்த்துக்கொண்டே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு, அதன் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைவு. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸில் ஓசோன் வாரநாளைவிட அதிகமாக இருந்ததைப் பல வருஷம் அளந்திருக்கிறார்கள். லாரி கக்கும் நைட்ரஜன் ஆக்சைடில் ஒரு வகையான நைட்ரிக் ஆக்சைடு பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடும். லாரியை நிறுத்தினால் தின்ன ஆளில்லை. பிடிக்க வேண்டியது ஹைட்ரோகார்பன் ஆவியை: பெட்ரோல், பெயின்ட், தின்னர், ஏன், நாம் அடித்துக்கொள்ளும் சென்ட் உட்பட.

மலைச்சாரல்: அப்போ லாரிப் புகை மருந்தா? நல்ல கதை!

குடுவை: மருந்து என்று எங்கே சொன்னேன்? கார் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும், சுத்திகரிப்பு ஆலை ஆவியும் வெயிலில் வெந்துதான் ஓசோன் ஆகிறது என்று 1950களில் கால்டெக் பல்கலைக்கழக வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் காட்டினார். இழுத்துக் கட்டிய ரப்பர் துண்டு எவ்வளவு சீக்கிரம் வெடிக்கிறது என்று பார்த்தே அப்போது ஓசோனை அளந்தார்கள்! அப்புறம் பெட்ரோல் பங்கில் குழாயின் மூக்குக்கு ஆவி பிடிக்கும் ரப்பர் உறை வந்தது. 1975இல் புதுக் கார்களில் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி வந்தது. அன்றைய ஓசோன் உச்சத்தில் பாதிகூட இன்று இல்லை.

ஓக் நிழல்: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் இருப்பது அட்லாண்டா. இங்கே ஓக் மரங்களே ஐசோப்ரீனை அள்ளி விடுகின்றன, அதுவும் ஹைட்ரோகார்பன்தான். மரத்துக்கு யார் மூடி போடுவது? கிழக்கு மாநிலங்களில் 1998இல் அனல்மின் நிலையங்களைக் குறிவைத்து நைட்ரஜன் ஆக்சைடு விதி வந்தது, பிறகுதான் கோடை ஓசோன் இறங்கியது.

குடுவை: அது உங்கள் ஊர். இங்கே அவ்வளவு மரம் ஏது?

மலைச்சாரல்: குடுவை சார், நீங்கள் சொல்வது நகர நடுவின் கணக்கு. கடல்காற்று அந்தப் புகையை எங்கள் பக்கம் தள்ளிவரும் வழியில் நைட்ரஜன் ஆக்சைடு கரைந்து, ஓசோன் உண்டாக அதுதான் பற்றாக்குறையாகிவிடும். இங்கே அதைக் குறைத்தால் ஓசோனும் குறையும். அந்த ஞாயிறு வித்தியாசமே இப்போது மங்கிக்கொண்டு வருகிறதே?

குடுவை: மங்குகிறது, சரி. ஆனால் கொஞ்சமாகக் குறைத்தால் முதலில் ஏறித்தான் அப்புறம் இறங்கும். அந்த மேட்டில் நகரத்துக்காரர்களை எத்தனை வருஷம் நிறுத்தி வைப்பீர்கள்?

மலைச்சாரல்: மேடு தாண்டும்வரை குறைக்க வேண்டியதுதான். பாதியில் நிறுத்தச் சொன்னது யார்? உங்கள் பெயின்ட் ஆவியையும் கூடவே பிடியுங்கள், நான் தடுக்கவில்லை.