பழைய பேய்ப் படங்களில் உங்களை உறுத்திய காட்சி எது?

இரவுக்காட்சி:
பயந்த கதை வேண்டாம். பேயை விடுங்கள், அதில் வரும் மனிதர்களைக் காட்டிய விதம் உங்களை எங்கே பிடித்து நிறுத்தியது என்று எழுதுங்கள்.

என்னுடையது 1943இல் வந்த 'ஐ வாக்ட் வித் எ ஸாம்பி'. கரீபியத் தீவில் ஒரு கரும்புத் தோட்டம். முதலாளி வீட்டுக்கு நர்ஸ் வேலைக்கு வருகிறாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். தங்கள் முன்னோர்களைக் கப்பலின் அடித்தட்டில் சங்கிலி போட்டுக் கொண்டுவந்த கதையைக் குதிரைவண்டி ஓட்டும் கறுப்பினப் பெரியவர் சொல்கிறார். அழகான இடத்துக்குத்தானே கூட்டிவந்தார்கள் என்கிறாள் அவள். நீங்கள் சொன்னால் சரி என்கிற மாதிரி மரியாதையாக ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்கிறார் அவர். முழி பிதுங்க ஓடும் வேலைக்காரனாக, இல்லை மேளம் அடிக்கும் கூட்டமாக மட்டுமே கறுப்பர்களைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்த ஒரு பதில் போதும். என் பாட்டி இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். துரைக்கு முன்னால் பெரியவர்கள் இப்படித்தான் தலையாட்டிவிட்டு வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

கடைசி ரீல்:
'நைட் ஆஃப் த லிவிங் டெட்', 1968. முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.

காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போனதால் அந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லாமல் ஆகிவிட்டது, இணையத்தில் முழுசாகவே கிடைக்கும். விடுதி அறையில் நண்பர்களோடு பார்த்தேன். எழுந்து நடமாடும் பிணங்கள் சூழ்ந்த பண்ணை வீட்டில் மாட்டிக்கொண்டவர்களில் பென் ஒருவன்தான் கறுப்பினத்தவன். மேசையை உடைத்துப் பலகையாக்கி ஜன்னலில் அறைவது, யார் எங்கே இருக்கவேண்டும் என்று முடிவெடுப்பது எல்லாம் அவன்தான். அவன் நிறத்தைப் பற்றிப் படத்தில் ஒரு வசனம் கிடையாது. பென் வேடத்துக்கான நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்றே இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கடைசிவரை சொன்னார். முரட்டு லாரி டிரைவராக எழுதியிருந்த பாத்திரத்தை நிதானமாகப் பேசும் மனிதனாக மாற்றியவர் ஜோன்ஸ். அதற்கான பெருமை அவருக்குத்தான் சேரவேண்டும் என்பேன்.

விடிகிறது. உயிரோடு மிஞ்சியது பென் மட்டும். வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டு ஜன்னலோரம் வருகிறான். காப்பாற்ற வந்த கூட்டம் அவனையும் பிணம் என்று நெற்றியில் சுட்டுவிடுகிறது. அதன் பிறகு படம் அசைவதில்லை. பத்திரிகைப் புகைப்படம் போலப் புள்ளிபுள்ளியாகச் சில காட்சிகள்: இறைச்சிக் கொக்கி பிடித்த கைகள், கொக்கியால் இழுபடும் உடல், விறகுக் குவியல்.

"நெஜமாவே பொணம்னு நெனச்சுத்தான் சுட்டானுங்களா?" என்று ஒருவன் கேட்டான். மறுநாள் மெஸ்ஸில் இட்லி ஆறும்வரை அதே சண்டை. கதைப்படி தவறுதலாகத்தான் சுடுகிறார்கள். ஆனால் கறுப்பர்களை அடித்துக் கொன்று, பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் அமெரிக்க வரலாற்றில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்தவர்களால் இந்தக் காட்சிகளை வேறு மாதிரி எடுத்துக்கொள்ள முடியாது. முடிந்த பிரதியை நியூயார்க்குக்குக் காரில் கொண்டுபோகும்போதுதான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார்.

ஒரு குறை. அதே வீட்டில் மாட்டிக்கொண்ட பார்பரா என்கிற பெண்ணைப் பாதிப் படத்துக்குச் சோபாவில் சிலையாக உட்காரவைத்துவிட்டார்கள். ஆணுக்குத் திறந்த கதவு பெண்ணுக்குத் திறக்கவில்லை.

கொட்டகை:
எனக்குக் கோபம் வந்த படத்தைச் சொல்கிறேன். 1966, பேய்ப் படங்களுக்குப் பெயர்போன பிரிட்டிஷ் நிறுவனமான ஹாமரின் 'த ரெப்டைல்'. இங்கிலாந்தின் கார்ன்வால் கிராமத்தில் ஒரு பெண் பாம்பாக மாறிக் கடிக்கிறாள். சாபம் போர்னியோவிலிருந்து வந்ததாம். அவளை ஆட்டுவிக்கும் வேலைக்காரனுக்குப் பெயரே கிடையாது, வெறும் 'மலாய்'. நடித்தவர் கல்கத்தாவில் பிறந்த மார்ன் மெய்ட்லண்ட். விருந்துக்குப் பிறகு அந்தப் பெண் சித்தார் வாசிக்கிறாள், வாசிக்க வாசிக்க வெறி ஏறுகிறது, அப்பா வாத்தியத்தைப் பிடுங்கி உடைக்கிறார். போர்னியோ சாபத்துக்குச் சித்தார் எப்படி வந்தது? கிழக்கே இருப்பதெல்லாம் ஒன்று, எல்லாமே விஷம். இதைத்தான் அந்தக் காட்சி நம்பவைக்கப் பார்க்கிறது.

இரவுக்காட்சி:
கடைசி ரீல், ஜோன்ஸ் நடித்த 'கஞ்சா அண்ட் ஹெஸ்' பார்த்தீர்களா? 1973, கறுப்பின இயக்குநர் பில் கன் எடுத்தது. ரத்த வெறி பிடித்த ஒரு கறுப்பின அறிஞரின் கதை. விநியோகித்தவர்கள் அதைக் கண்டபடி வெட்டி வேறு பெயரில் ஓட்டினார்கள். முழு வடிவம் இப்போது கிடைக்கிறது, அதையே தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கட்டாயம் எழுதுங்கள், எனக்கு அதைப்பற்றிப் பேச ஆளே கிடைக்கவில்லை.