டூயல் காயில் சப்வூஃபர்: 2 ஓமா, 4 ஓமா?

அண்ணன்மார்களே, ஒரு சந்தேகம். கார் டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வைத்தேன். அதில் இரண்டு காயில் (ஸ்பீக்கரை அசைக்கும் கம்பிச்சுருள்), ஒவ்வொன்றின் மின்தடையும் 2 ஓம். மோனோ ஆம்ப் (ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர்) 4 ஓமில் 300 வாட்ஸ், 2 ஓமில் 500. அதற்குக் கீழே போகக்கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது. மாட்டியவர் பேரலலில் கட்டிவிட்டார், அதாவது 1 ஓம். சத்தம் ஏற்றினால் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப் அணைந்துவிடும்; தொட்டால் தோசைக்கல் சூடு.

நேற்று நானே ஒரு காயிலின் மைனஸை அடுத்ததன் பிளஸ்ஸோடு சேர்த்து சீரிஸாக்கினேன். 4 ஓம் ஆச்சு, இப்போது அணைவதில்லை. ஆனால் பேஸ் அடி முன்போல நெஞ்சில் இறங்கவில்லை.

இதையே 4 ஓம் டூயல் காயிலாக மாற்றினால் பேரலலில் 2 ஓம் வரும், 500 வாட்ஸும் கிடைக்கும். கணக்குப்படி கூடுவது 2 டெசிபல் சொச்சம்தான். அதற்குக் காசு போடலாமா, அல்லது இப்போதுள்ள சீல்டு (முழுக்க மூடிய) பெட்டியைப் போர்ட்டடாக (காற்று போகத் துளை வைத்ததாக) மாற்றிப் பார்க்கவா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.