புதுப்பிப்பு: குளிர்காலத்தில் லெப்பர்ட் கெக்கோ தொட்டிக்குச் சூடு

டொராண்டோ குளிரில் இரவு அறை 17 டிகிரிக்கு இறங்குகிறது, தொட்டியில் நான் வளர்க்கும் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி சாப்பிடுவதில்லை, அறை ஹீட்டரை விடிய விடிய ஓட்டலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, தொட்டியை மட்டும் சூடாக்கச் சொன்ன யோசனைதான். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர், பீங்கான் ஹோல்டர், சுற்றிலும் கம்பிக்கூண்டு, அப்புறம் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அதன் சென்சாரை கெக்கோ படுக்கும் இடத்துத் தரையிலேயே பொருத்தினேன். பகலில் அங்கே 32, எதிர்ப்பக்கம் 25. இரவில் 21க்குக் கீழே போவதில்லை. இப்போது புழுவைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு பாய்கிறது!

எதிர்பாராத ஒன்று: தொட்டிக்குள் காற்று ரொம்பவே வறண்டுவிடுகிறது. உரித்த தோல் விரல் நுனிகளில் வளையமாக ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு விரலே போய்விடலாம். ஈரப்பாசி போட்ட டப்பா ஒன்றை உள்ளே வைத்தபின் முழுசாக உரிகிறது.