தையல் வேலைக்கு எதில் இருப்பது: வாட்ஸ்ஆப்பா, பேஸ்புக்கா, டிக்டாக்கா?

சுங்கை ஆரா தையல்:
வணக்கம். பினாங்கில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். இதுவரை சொந்த நம்பரில் வாட்ஸ்ஆப், அப்புறம் ஒரு பேஸ்புக் பக்கம், அவ்வளவுதான். தீபாவளி ஆர்டர் பிடிக்க டிக்டாக்கில் இறங்கச் சொல்கிறாள் மகள். இருப்பதையே ஒழுங்காகப் பார் என்கிறார் வீட்டுக்காரர். வீட்டு வேலை முடிந்து இரவில் கிடைக்கும் ஒரு மணி நேரம்தான் என் கையில். ஒன்றில் மட்டும் கவனம் வைப்பதென்றால் எதில் வைக்கலாம்?

மாறன் பட்டர்வொர்த்:
வாட்ஸ்ஆப். யோசிக்கவே வேண்டாம் சிஸ்டர். பிளவுஸுக்கு அளவு எடுக்க ஆள் நேரில் வர வேண்டும். பக்கத்தில் ரெலாவிலும் பாயான் பாருவிலும் இருப்பவர்கள் வருவார்கள். உங்கள் வீடியோவைப் பார்த்து லைக் போடும் தெற்குக் கோடி ஜொகூர்க்காரர் வரப்போவதில்லை.
ஆனால் சொந்த நம்பரில் வேண்டாம். தனி நம்பர் எடுத்து வாட்ஸ்ஆப் பிசினஸ் போடுங்கள். 2018-இல் வந்த ஆப், இலவசம். கேட்லாக்கில் 500 மாடல் வரை ஏற்றலாம். ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள் ஒட்டலாம்: ‘அட்வான்ஸ் வந்தது’, ‘அளவு எடுத்தாச்சு’, ‘ரெடி’. இரவு பதினொரு மணிக்கு “அக்கா, என் பிளவுஸ் என்னாச்சு?” என்று கேட்டால் லேபிளைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம்.

நித்யா பிறை:
மாறன் அண்ணே, நீங்கள் சொல்வது ஏற்கெனவே ஆர்டர் இருப்பவர்களுக்குச் சரி. அக்கா கேட்பது புது ஆர்டர். வாட்ஸ்ஆப்பில் முன்பின் தெரியாதவர் உங்களை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர்தான். அதுவும் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும்.
டிக்டாக்கில் உங்களைப் பின்தொடராதவர் திரையிலும் வீடியோ வரும். ஆரி வேலை அதற்கென்றே பிறந்தது. ஃப்ரேமில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணி, அடியிலிருந்து நூலைக் கொக்கி மேலே இழுத்து வருவது, ஒவ்வொரு மணியாக வரிசையில் உட்காருவது. பேசவே வேண்டாம், முகமும் காட்ட வேண்டாம், கை தெரிந்தால் போதும்.
ஜொகூர்க்காரர் நேரில் வர வேண்டியதில்லை. அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பி எத்தனை பேர் தைத்து வாங்குகிறார்கள் என்று நீங்கள் பார்த்ததில்லையா?

மாறன் பட்டர்வொர்த்:
பார்த்திருக்கிறேன். கை பிடிக்கிறது, கழுத்து தூக்குகிறது என்று திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கூரியர் காசு யாருடையது?
இன்னொன்று. டிக்டாக்கை நம்பி வியாபாரத்தை வைத்தால் என்ன ஆகும் என்று இந்தோனேசியாவைக் கேளுங்கள். அரசாங்கம் விதியை மாற்றியதும் 2023 அக்டோபர் 4-ஆம் தேதி அங்கே டிக்டாக்குக்குள்ளேயே பொருள் விற்கும் டிக்டாக் ஷாப்பை மூடினார்கள். டிசம்பரில் அந்நாட்டு இணையக் கடையான தொக்கோபீடியாவோடு சேர்ந்து திரும்ப வந்தது உண்மைதான். நடுவில் அதை மட்டும் நம்பியிருந்த வியாபாரி எங்கே போவார்?

நித்யா பிறை:
அதே அக்டோபர் 4-ஆம் தேதிதான் அண்ணே, 2021-இல் உங்கள் வாட்ஸ்ஆப்பும் ஆறு மணி நேரம் படுத்தது. கூடவே பேஸ்புக், இன்ஸ்டாகிராம். மூன்றுக்கும் முதலாளி ஒருவர்தான். மூன்று கடை வைத்திருப்பதாக நினைப்போம், மெயின் சுவிட்ச் ஒன்று.

மாறன் பட்டர்வொர்த்:
நம் நேரப்படி அது நள்ளிரவுக்குச் சற்று முன் போனது, காலை ஆறு மணி வாக்கில் வந்தது. பினாங்கில் எந்தப் பிளவுஸும் அதனால் தாமதமாகவில்லை லா.

கண்ணம்மா ஜெலுத்தோங்:
பிள்ளைகளா, பேஸ்புக் மாதிரி அந்தக் காலத்தில் இருந்த ஃபிரண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கிறதா? அதை 2009-இல் வாங்கியதே நம் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம்தான். 2011-இல் விளையாட்டுத் தளமாக மாற்றினார்கள், பழைய படங்களும் செய்திகளும் போயே போய்விட்டன. அதனால் எந்த ஆப் வைத்தாலும் பெயர், போன் நம்பர், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து ஆழம் எல்லாம் ஒரு கட்டை நோட்டில் இருக்கட்டும்.
அப்புறம், பேஸ்புக்கை ஏன் இப்படிக் கழித்துக் கட்டுகிறீர்கள்? ஆரி வேலைக்குக் காசு கொடுப்பது அம்மாக்கள். கோவில் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, தாமான் (குடியிருப்பு) குழு எல்லாம் இன்னும் பேஸ்புக்கில்தான் ஓடுகின்றன. உங்கள் பக்கத்தில் போடுவது நாலு பேர் கண்ணில்கூடப் படாது. குழுவில் போடுங்கள். “நல்ல தையல்காரர் யாராவது?” என்று வாரம் ஒருத்தியாவது அங்கே கேட்கிறாள்.

செந்தூல் சேகர்:
கோலாலம்பூரிலிருந்து ஒரு சந்தேகம். 2025 ஜனவரி முதல் சமூக ஊடகத்துக்கு லைசன்ஸ் என்றார்களே, விற்பவர்களும் எடுக்க வேண்டுமா?
(லிங்க்ட்இன்னை யாரும் சொல்லவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை மேனேஜர்களுக்கும் மனைவிமார் உண்டு.)

மாறன் பட்டர்வொர்த்:
இல்லை. அது நாட்டுக்குள் 80 லட்சம் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு. சிஸ்டரிடம் அவ்வளவு பேர் பிளவுஸ் தைத்தால் அப்புறம் யோசிக்கலாம்.

நித்யா பிறை:
அக்கா, உங்கள் பக்கத்தில் ‘விலைக்கு பிஎம் (தனிச்செய்தி) செய்யவும்’ என்று இருந்தால் முதலில் அதை எடுங்கள். பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் இணைய விற்பனையில் முழு விலையைப் போடச் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், விலை கேட்கவே கூச்சப்பட்டுத் திரும்பிப் போகிறவர்கள் எத்தனை பேர்!

சுங்கை ஆரா தையல்:
இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். ஆனால் ஆரிக்கு வேலையைப் பார்த்துத்தானே விலை?

நித்யா பிறை:
முடித்த பிளவுஸ் படத்தில், அந்த வேலைக்கு இத்தனை ரிங்கிட் என்று போடுங்கள். மாற்றம் கேட்டால் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கண்ணம்மா ஜெலுத்தோங்:
இது சரி. கூடவே ஆர்டர் எடுக்கும் கடைசித் தேதியையும் பெரிதாகப் போடுங்கள். தீபாவளிக்கு முதல் வாரம் துணியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், “ஒண்ணே ஒண்ணுதான் அக்கா” என்று.

சுங்கை ஆரா தையல்:
அப்படியென்றால் தனி நம்பரில் வாட்ஸ்ஆப் பிசினஸ், பேஸ்புக் குழுக்களில் படம். டிக்டாக்கில் ஃப்ரேம் வேலையை மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

மாறன் பட்டர்வொர்த்:
ஒன்றைக் கேட்டவர் மூன்றை எடுத்துவிட்டார். டிக்டாக் கமெண்டுக்கெல்லாம் யார் பதில் சொல்வது?

நித்யா பிறை:
யோசனை சொன்ன மகள் சொல்லட்டும்.

சுங்கை ஆரா தையல்:
அவளுக்கு இந்த வருடம் எஸ்பிஎம் பரீட்சை.

மாறன் பட்டர்வொர்த்:
வாட்ஸ்ஆப்.

நித்யா பிறை:
கமெண்டை மூடி வைக்கலாம் அண்ணே, அதற்கும் செட்டிங் இருக்கிறது. அக்கா, வாட்ஸ்ஆப் நம்பரை மட்டும் மறக்காமல் புரொஃபைலில் போட்டுவிடுங்கள்.