பொருள்: 'கேட்கீப்பர்' - வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனுப்பியவர்: டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். தொடர்பாடல் டிப்ளோமா படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோட்பாட்டுக் குறிப்பேடு ஒன்று தயாரிக்கிறேன். வெள்ளி காலை அச்சுக்கடைக்குக் கொடுத்தாக வேண்டும். தகவல் கோட்பாட்டை வகுத்த ஷானன் 1948இல் எழுதியதில் வரும் 'நாய்ஸ்' இரைச்சல் ஆகிவிட்டது. 'ஃபீட்பேக்' பின்னூட்டம், யாரும் சண்டைக்கு வரவில்லை. தொடர்பாடல் கோட்பாட்டில் ராபர்ட் கிரேக் 1999இல் பிரித்துக் காட்டிய ஏழு மரபுகளுக்கும் பெயர் வைத்தாகிவிட்டது. நிகழ்வியல் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மாட்டிக்கொண்டது 'கேட்கீப்பர்'. எந்தச் செய்தி உள்ளே வரலாம், எது வெளியிலேயே நிற்கட்டும் என்று முடிவு செய்கிறவர். 'வாயில்காப்பாளர்' என்று பலகையில் எழுதினேன். "வாயில் எதைக் காப்பார் டீச்சர், வெற்றிலையா?" என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பே சிரித்தது. சொல் சொல்லுங்கள்.

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ

அம்மா, பையன் மேல் குற்றமில்லை. நீங்கள் சொற்புணர்ச்சி விதியைக் கைவிட்டீர்கள். வாயிற்காப்பாளர் என்று எழுதினால் யாரும் வாய்க்குள் போக மாட்டார்கள். இல்வாய் என்பது முன்பின்னாக மாறி வாயில் ஆனது, முன்றில் போல. இலக்கணப்போலி. வகுப்பில் நான் அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் 'காப்பாளர்' எதற்கு? கண்ணகி "வாயிலோயே வாயிலோயே" என்று கூப்பிட்டாளே, அவன் என்ன செய்தான்? அரசனிடம் போய், கொற்றவை அல்லள் என்று தொடங்கி, வந்தவள் யார் யாரெல்லாம் இல்லை என்று அடுக்கி, கடைசியில்தான் "கணவனை இழந்தாள் கடையகத்தாளே" என்கிறான். செய்தியை எப்படிக் கட்டி உள்ளே விடுவது என்று தெரிந்தவன். தொல்காப்பியமோ தலைவன் தலைவிக்கு இடையே தூது போகும் தோழி, பாணன், விறலி எல்லோரையும் வாயில்கள் என்கிறது. தலைவனுக்காகப் பாணன் வந்து நின்றால் தோழி வாயில் மறுப்பாள், அதாவது உள்ளே விடமாட்டாள். இதைவிட என்ன வேண்டும்? 'வாயிலோர்'. முடிந்தது.

அனுப்பியவர்: துணையாசிரியர், கோலாலம்பூர்

முடியவில்லை ஐயா. சிலம்பின் வாயிலோன் யாரையும் தடுக்கவில்லை. கேட்டுச் சொன்னான், அவ்வளவுதான். எங்கள் நாளிதழ் மேசையில் நடப்பது வேறு. பெர்னாமா செய்தி நிறுவனத்திலிருந்து வந்து விழுவதில் பெரும்பகுதி பக்கத்தைப் பார்க்காமலேயே போய்விடும். 1949 பிப்ரவரியில் டேவிட் மானிங் வைட் இதைத்தான் ஆராய்ந்தார். அமெரிக்க நடுத்தர நகர நாளிதழ் ஒன்றின் தந்திச் செய்தி ஆசிரியர் ஒரு வாரம் முழுக்கத் தள்ளிய தாள்களையெல்லாம் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் காரணம் எழுதிக் கொடுத்தார். பத்தில் ஒன்பது பங்கு தள்ளுபடி. தற்கொலைச் செய்தி தனக்குப் பிடிக்காது என்பதும் ஒரு காரணம்! 1950இல் வெளியான கட்டுரையில் அவருக்கு 'மிஸ்டர் கேட்ஸ்' என்று பெயர்.

(இவரைத் தமிழில் 'வாயிலார்' என்று போடலாம் என நினைத்தேன். மயிலாப்பூர் வாயிலார் நாயனார் மௌனமாக மனத்துக்குள்ளேயே பூசை செய்தவர் என்பது நினைவுக்கு வந்தது. தொடர்பாடல் பாடத்துக்கு வாயில்லாதவர் ஆகாது.)

என் யோசனை: 'கேட்கீப்பர்' என்றே இருக்கட்டும். பிள்ளைகள் பரீட்சை எழுதுவது மலாயிலோ ஆங்கிலத்திலோதான்.

அனுப்பியவர்: கிராணி பேத்தி, சுங்கை சிப்புட்

அப்படியே விடுவதென்றால் டீச்சர் எதற்கு ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதுகிறார், அண்ணே? ஜாகா (காவல்காரர்) என்று போடலாமே, எங்கள் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்று என் தம்பி சொல்கிறான். ஆனால் ஜாகா துரையின் காரைக் கண்டால் கட்டையைத் தூக்குவார். எதைத் தூக்குவது என்பது அவர் முடிவில்லை.

எங்கள் தாத்தா தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர். ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் அவர் மேசைக்குத்தான் முதலில் வரும். மூலையில் மஞ்சள் தடவியது காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போதே, கைக்குப் போய்விடும். ஓரத்தில் கறுப்பு மை பட்டதை இழுப்பறையில் வைத்துக்கொள்வார். ரப்பர் பால் எடுத்து, ஸ்டோரில் எடை போட்டு முடித்த பிறகுதான் ஆளைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, வாசித்துக் காட்டுவார். அவர் எதையும் தடுக்கவில்லை, நேரம் பார்த்தார். 'காப்பாளர்' என்ற சொல்லில் அது வருகிறதா?

அனுப்பியவர்: பாசனத் துறை (ஓய்வு), பாரிட் புந்தார்

எல்லோரும் கோட்டை வாசலிலேயே நிற்கிறீர்கள். இந்தக் கருத்தைத் தொடங்கிய உளவியலாளர் கர்ட் லூவின் செய்தித்தாளிலிருந்து தொடங்கவே இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் குடும்பங்களின் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்றுவது எப்படி என்று பார்த்தவர். உணவு பல கால்வாய்கள் வழியாக மேசைக்கு வருகிறது. பெரும்பாலான கால்வாய்களின் வாயிலில் நிற்பது இல்லத்தரசி என்று 1943இல் எழுதினார். செய்திக்கும் இது பொருந்தும் என்பது 1947 கட்டுரையில். ஆக, முதல் கேட்கீப்பர் ஒரு பெண். நிற்கும் இடம் கால்வாய். கால்வாயில் இருப்பது கதவா? மடை!

இன்னும் கேளுங்கள். மடை என்றால் சோறும்தான். கோயில் மடைப்பள்ளி தெரியும்தானே? பழைய அகராதிகளில் மடையன் என்றால் சமையற்காரன். நீர் திறப்பதும் அடுப்படி ஆள்வதும் ஒரே சொல்லில். லூவினுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். என் சொல்: மடையாளர்.

அனுப்பியவர்: டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

சார், வெற்றிலைக்கே சிரித்த வகுப்பு இது. 'மடையாளர்' என்று எழுதிவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்ப முடியுமா?

அனுப்பியவர்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஈப்போ

மடமையிலிருந்து வந்த மடையன் வேறு, இது வேறு என்பதை விளக்கினால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். ஆனாலும் நான் வாயிலோர் பக்கம்தான்.

அனுப்பியவர்: டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்

மணி பதினொன்றாகிறது. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 'வாயிற்காப்பாளர்' பக்கம்தான் ஆள் அதிகம், பாதிப்பேர் "ஏதாவது போடுங்கம்மா" வகை. ற் போட்டே அச்சுக்குக் கொடுக்கிறேன். கிராணி தாத்தா கதையை எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொள்ளட்டுமா தங்கச்சி? பெயர் வராது.

அனுப்பியவர்: கிராணி பேத்தி, சுங்கை சிப்புட்

சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். தோட்டத்தின் பெயரும் வேண்டாம்.

அனுப்பியவர்: பாசனத் துறை (ஓய்வு), பாரிட் புந்தார்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஃபேஸ்புக்கில் எது முதலில் வரும், எது அடியில் போகும் என்று முடிவு செய்வது இன்று கணினி நிரல். அங்கே நிற்க ஆளே இல்லை, நீங்களோ காப்பாளரை நிறுத்திவைத்திருக்கிறீர்கள். அடுத்த பாடத்தில் இது வரும்போது என்ன எழுதுவீர்கள்? மடை என்றால் ஆள் இல்லாவிட்டாலும் மடைதான்.