48 வோல்ட் டெதரில் ஓடும் ஆர்ஓவி: பின்னே திருப்பினால் ஈஎஸ்சி எரிகிறது, உதவி தேவை

வலைக்கூண்டு:
வணக்கம். மண்டபம் பக்கம் கடலில் கூண்டு போட்டு கடல் விரால் வளர்ப்பவர்களுக்காக ஒரு சிறிய ஆர்ஓவி (மேலிருந்து கேபிள் வழியாக ஓட்டும் நீரடி ரோபோ) செய்துகொண்டிருக்கிறோம். வலை எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே பாசி அடைத்திருக்கிறது என்று ஆள் இறங்காமலே கேமராவில் பார்க்க வேண்டும். ஆறு த்ரஸ்டர் (ப்ரொப்பெல்லர் மோட்டார்), அவற்றின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஆறு ஈஎஸ்சி போர்டு. மேலே 48 வோல்ட் சப்ளை, 40 மீட்டர் டெதர் கேபிள், உள்ளே ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் அதை 16 வோல்ட்டாக இறக்குகிறது. ஈஎஸ்சி 30 ஆம்பியர், 4எஸ் பேட்டரி (நான்கு செல் தொடராக இணைத்தது) வரை தாங்கும் வகை.

மூன்று நாளில் இரண்டு ஈஎஸ்சி போய்விட்டது. இரண்டிலும் மோஸ்ஃபெட் (கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச் டிரான்சிஸ்டர்) ஷார்ட். சீராக ஓடும்போது எதுவும் ஆவதில்லை. முழு வேகத்தில் முன்னே போகும்போது ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று பின்னே இழுத்தால்தான் போகிறது. அந்த நொடியில் சில தடவை கேமராவும் அணைந்து மறுபடி வருகிறது. மல்டிமீட்டரில் 16.0 அப்படியே நிற்கிறது. பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டோம், தண்ணீர் கசியவில்லை. உபரியாக இருந்த இரண்டையும் மாட்டியாகிவிட்டது. இனி ஒன்று போனாலும் வேலை நின்றுவிடும். எங்கே தேடுவது?

சால்டர்புகை:
கன்வெர்ட்டரில் இருந்து ஈஎஸ்சி வரை ஒயர் எவ்வளவு நீளம்? ஒரு மீட்டர் ஒயருக்குத் தோராயமாக 1 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) இருக்கும். அதில் ஓடும் 20 ஆம்பியர் ஒரு மைக்ரோ செகண்டில் நின்றால், அந்த ஒயரே 20 வோல்ட்டைக் கூடுதலாக ஏற்றும். ஈஎஸ்சியின் வாயிலில் இருக்கும் கெப்பாசிட்டர்தான் அதை விழுங்கவேண்டும். ஒவ்வொரு ஈஎஸ்சிக்கும் லோ-ஈஎஸ்ஆர் (உள் மின்தடை குறைந்த) 470 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றின் கம்பிக் கால்களை ஒட்ட வெட்டி சால்டர் பண்ணுங்கள். பிளஸ், மைனஸ் ஒயரை முறுக்கிவிடுங்கள்.

வலைக்கூண்டு:
ஒயர் 60 சென்டிமீட்டர் இருந்தது. 25 ஆகக் குறைத்து, முறுக்கி, கெப்பாசிட்டரும் போட்டுவிட்டோம். பாதி வேகத்தில் நன்றாக ஓடுகிறது. முழு வேகத்தில் திருப்பினோம், கேமரா மறுபடி அணைந்தது. பயந்து நிறுத்திவிட்டோம்.

பழையஸ்கோப்:
தம்பி, இரண்டு கேள்வி. கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு 4எஸ் லிப்போ பேட்டரியில் நேரடியாக ஓட்டியிருக்கிறீர்களா? அப்போது இப்படி ஆனதா?

இரண்டாவது, ஸ்கோப் (மின்னழுத்தம் மாறுவதைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) கிடைக்குமா? மீட்டர் ஒரு நொடியில் இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். உங்கள் பிரச்சினை சில மில்லி செகண்டில் வந்து போய்விடும், அது கண்ணில் படாது. 10எக்ஸ் ப்ரோபை ஈஎஸ்சியின் பேடிலேயே வையுங்கள், கன்வெர்ட்டர் முனையில் வேண்டாம். முதலைக் கிளிப் ஒயரை எடுத்துவிட்டு ப்ரோபுடன் வரும் குட்டி ஸ்பிரிங்கை கிரவுண்டுக்குப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் அந்த நீள ஒயரே பொய்யான சிலிர்ப்பைக் காட்டும். டிரிகர் 19 வோல்ட், ஏறும் பக்கம், சிங்கிள் ஷாட்; 19ஐத் தாண்டி ஏறும் நொடியை ஒரு தடவை பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்கோப்பின் கிரவுண்ட் சுவர் எர்த்துடன் சேர்ந்தது. உங்கள் 16 வோல்ட் மைனஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் இல்லை என்று மீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

முக்கால் வேகத்துக்கு மேல் போகவேண்டாம். திரையில் வரும் ஏற்றத்தின் உயரத்தை விட அகலத்தை, அதாவது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

வலைக்கூண்டு:
பக்கத்துப் பாலிடெக்னிக்கில் ஸ்கோப் கொடுத்தார்கள், தொட்டியையே அங்கே கொண்டுபோய்விட்டோம்.

பேட்டரியில்: திருப்பும்போது 16.4 இலிருந்து 17.3 வரை போய் இறங்குகிறது. ஈஎஸ்சி போகவில்லை, கேமராவும் அணையவில்லை. ஆரம்ப நாட்களில் பேட்டரியில்தான் ஓட்டினோம், அப்போதும் ஒன்றும் ஆனதில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

கன்வெர்ட்டரில்: இரண்டு விதமாகத் தெரிகிறது. ஓடும்போதெல்லாம் 42 மைக்ரோ செகண்டுக்கு ஒரு தடவை ஊசி மாதிரி ஒன்று, 19.5 வரை. அது தவிர, திருப்பும் நேரத்தில் மட்டும் மெதுவாக ஒரு மேடு. 16 இல் தொடங்கி 29 வரை ஏறி, சுமார் 12 மில்லி செகண்டில் உச்சம். ஆறு த்ரஸ்டரையும் சேர்த்துத் திருப்பினால்தான் இவ்வளவு.

16 வோல்ட் கொடுத்து ஓட்டும் மோட்டாரில் இருந்து 29 எப்படி அண்ணா வரும்?

பழையஸ்கோப்:
அந்த ஊசியும் மேடும் வேறு வேறு நோய். ஊசி, 24 கிலோ ஹெர்ட்ஸில் மோஸ்ஃபெட் திறந்து மூடும்போது ஒயர் இண்டக்டன்ஸ் தருவது. அதற்கு சால்டர்புகை சொன்ன மருந்து சரி, 19.5 இல் நிற்பதே அது வேலை செய்ததற்கு அடையாளம். கொல்வது மேடு. உங்கள் ஈஎஸ்சி மோஸ்ஃபெட் 30 வோல்ட் வகையாகத்தான் இருக்கும், அதன் மேலே எழுதியிருக்கும் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னவுடன் ஈஎஸ்சி மோட்டாரை பிரேக் பிடிக்கிறது. அப்போது மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடும். அது தரும் மின்னழுத்தம் 16க்குக் கீழேதான் இருக்கும். ஆனால் கீழ் மோஸ்ஃபெட் மூடி, கரண்டைக் கடத்தும்போது சுருளில் கரண்ட் ஏறுகிறது, அது திறந்து கடத்துவதை நிறுத்தியவுடன் அந்தக் கரண்ட் நிற்க முடியாமல் மேல் பக்கம் வழியாகச் சப்ளை லைனுக்குள் தள்ளப்படுகிறது. பவர் பேங்கில் 3.7 வோல்ட் செல்லில் இருந்து 5 வோல்ட் வருவதும் இதே முறையில்தான். எவ்வளவு உயரம் போகும் என்பதை வாங்கிக்கொள்பவர்தான் தீர்மானிக்கிறார். பேட்டரி வாங்கிச் சார்ஜ் ஆகிக்கொள்ளும், அதனால் 17.3 உடன் முடிந்தது. உங்கள் கன்வெர்ட்டர் கொடுக்க மட்டுமே தெரிந்தது, திரும்ப வாங்காது. வந்த சக்தி கெப்பாசிட்டரில் குவிந்து மேடாகிறது. கன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் என்று நினைத்து ஒரு நொடி அணைந்துகொள்கிறது, கேமரா போவது அதனால்தான்.

தண்ணீரில் ப்ரொப்பெல்லர் தானாகவே சீக்கிரம் நின்றுவிடும் என்று தோன்றும். வண்டி முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே வரும் தண்ணீர் அதைக் காற்றாடி போலச் சுற்றிவிடும்.

சால்டர்புகை:
அப்படியானால் கெப்பாசிட்டரை இன்னும் பெரிதாகப் போட்டால் போதாதா? இல்லையென்றால் ஒரு டிவிஎஸ் டயோடு (மின்னழுத்தம் எல்லை தாண்டினால் கடத்தித் தடுப்பது)?

பழையஸ்கோப்:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். கெப்பாசிட்டர் எல்லாம் சேர்த்து 3,000 மைக்ரோ ஃபாரட் என்று வையுங்கள். 16 இலிருந்து 29க்கு ஏற உள்ளே போன சக்தி சுமார் 0.9 ஜூல். அதே சக்தியை 20 வோல்ட்டுக்குள் நிறுத்த 12,000 மைக்ரோ ஃபாரட் வேண்டும். அவ்வளவு போட்டால் சுவிட்ச் போடும்போது அதைச் சார்ஜ் செய்யவே கன்வெர்ட்டர் திணறும்.

டிவிஎஸ் விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். எஸ்எம்பிஜே18ஏ என்பதில் 18 என்று இருப்பதால் 18 இல் நிறுத்தும் என்று நினைக்கிறோம். அது 20 வோல்ட்டில்தான் கடத்தவே தொடங்கும், 20 ஆம்பியர் பாயும்போது 29 வோல்ட் வரை விடும். உங்களுக்குப் போவதும் அதே 29 தான். தவிர அது ஊசிக்கான பொருள், மில்லி செகண்ட் கணக்கில் நீளும் மேட்டுக்கானது அல்ல.

முதலில் காசு செலவில்லாத வேலை. ப்ரோகிராம் கோடில் வேக மாற்றத்துக்கு வரம்பு வையுங்கள். 20 மில்லி செகண்ட் லூப் என்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஈஎஸ்சிக்கு வேகத்தைச் சொல்லும் பல்ஸின் நீளம் 32 மைக்ரோ செகண்டுக்கு மேல் மாறக்கூடாது. 1900 (முழு வேகம்) இலிருந்து 1500க்கு (நிறுத்தம்) வர கால் நொடி ஆகும். அதற்குள் சக்தியைத் தண்ணீரே தின்றுவிடும். ஃபர்ம்வேரில் பிரேக்கை அணைக்க வழி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

அப்புறம், பாதுகாப்புக்கு ஒரு பிரேக் ரெசிஸ்டர், கூடுதல் சக்தியை வெப்பமாக்கித் தின்ன. எல்எம்393 கம்பேரட்டர் (இரண்டு மின்னழுத்தத்தை ஒப்பிடும் சிப்), ஒப்பிட டிஎல்431 தரும் 2.5 வோல்ட், 60 வோல்ட் லாஜிக் லெவல் மோஸ்ஃபெட், 2 ஓம் 50 வாட் ரெசிஸ்டர். ரெசிஸ்டர் 18 வோல்ட்டில் லைனோடு சேரவேண்டும், 17.2 இல் விடவேண்டும். 18 வோல்ட்டில் 9 ஆம்பியர், அதாவது 162 வாட். 12 மில்லி செகண்டில் 1.9 ஜூல் தின்னும், உங்களுக்குத் தேவையானதில் இரண்டு மடங்கு. 18க்கும் 17.2க்கும் நடுவே உள்ள இடைவெளியை வைக்க மறந்தால் ஓரத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டரை அலுமினிய மூடியில் திருகிவிடுங்கள், வெளியே கடல்தான் குளிர்விக்கிறதே.

சால்டர்புகை:
நான் ஊசியை மட்டுமே நினைத்துச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். அந்த ரெசிஸ்டர் ஒயரையும் குட்டையாக வையுங்கள், அதுவும் ஒரு இண்டக்டன்ஸ்தான்.

வலைக்கூண்டு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். கோடு மாற்றம் மட்டும்: 29 வந்த இடத்தில் 20.5. ரெசிஸ்டரும் சேர்த்த பிறகு 18.2க்கு மேல் போகவில்லை. முழு வேகத்தில் நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினோம், கேமரா ஒரு தடவைகூட அணையவில்லை. அலுமினிய மூடி கை வைத்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

ஓட்டுபவருக்கு மட்டும் ஒரு குறை, வண்டி நிற்க முன்பை விடக் கொஞ்சம் தூரம் எடுக்கிறது. வலை அருகே போகும்போது அது முக்கியம் என்பதால், மேலே கீழே போகும் இரண்டு த்ரஸ்டருக்கு 32ஐயே வைத்து, மற்ற நான்குக்கு 45 ஆக்கியிருக்கிறோம். அதிலும் 18.4 தான். எரிந்ததில் ஒன்றின் மோஸ்ஃபெட் எண்ணைத் தேடினேன், அண்ணா சொன்னது போலவே 30 வோல்ட்.