மெல்பேர்னில் மகனிடம் போகிறோம்: யாரா பள்ளத்தாக்குக்கு எங்களைப் போன்றவர்கள் போகலாமா?

கல்லடி அம்மா:
மார்ச் மாதம் நானும் இவரும் மெல்பேர்னுக்குப் போகிறோம். மகன் அங்கே வேலைக்குப் போன பிறகு நாங்கள் போவது இதுதான் முதல் தடவை. டான்டினோங் பக்கம் வீடு. ஒரு காலத்தில் கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகவே என்னிடம் கேட்டுப் போன பிள்ளை, இப்போது எங்களுக்குப் பயணத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறான்.

சனிக்கிழமை, மெல்பேர்னுக்குப் பக்கத்தில் உள்ள யாரா பள்ளத்தாக்கில் வைன் செய்யும் முந்திரிகை (திராட்சை) தோட்டங்கள் என்று அதில் இருக்கிறது. இவருக்குச் சீனி வருத்தம், நான் வாயில் வைத்ததே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை, ஆசையாகப் போட்ட திட்டம். குடிக்காத ஆட்கள் அங்கே போய் என்ன செய்வது? சேலையோடு போனால் ஒரு மாதிரிப் பார்ப்பார்களா? அப்புறம், அவன் வேலைக்குப் போகும் நாட்களில் நாங்கள் தனியாக எங்கே போய் வரலாம்?

படுவான்கரை விவசாயி:
தங்கச்சி, யோசிக்காமல் போங்கள். நான் வெள்ளாமைக்காரன், குடிப்பதும் இல்லை. மகள் அங்கே இருப்பதால் போய்ப் பார்த்தேன். அங்கே பெப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை முந்திரிகை பறிப்பார்கள், நீங்கள் போவது சரியான நேரம்.

சரிவு முழுக்கக் கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டு வரிசை பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையின் அடியிலும் கறுப்புக் குழாய் ஓடுகிறது, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பழத்தைக் குருவி கொத்தாமல் வலை போட்டிருந்தார்கள். ஆனால் வரிசைக்குள் கேட்காமல் இறங்கிவிடாதீர்கள். ஃபைலொக்செரா என்று வேரில் இருந்து தின்னும் ஒரு பூச்சி 2006இல் அந்தப் பகுதியில் பிடிபட்டது. சப்பாத்தில் ஒட்டும் மண்ணோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். நம்மூரில் நெல்லுக்கு அறக்கொட்டிப் பூச்சி வந்தால் வயிறு எப்படிக் கலங்கும் என்று தெரிந்தவனுக்கு அவர்களுடைய கவனம் புரியும்.

என் கண்ணில் இன்னும் நிற்பது ஒன்று. அங்கே வேலை செய்யும் பிள்ளை ஒரு கறுத்தப் பழத்தை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கச் சொன்னாள். சாற்றில் நிறமே இல்லை. நிறம் எல்லாம் தோலில்தான் இருக்கிறதாம். தோலோடு சேர்த்துப் புளிக்க வைத்தால் சிவப்பு வைன், பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டால் அதே கறுத்தப் பழத்தில் வெள்ளை வைன். பிறகு ஓக் மரப் பீப்பாய் அடுக்கியிருக்கும் குளிர்ந்த கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். ஒரு பீப்பாய்க்கு 225 லீட்டர் பிடிக்குமாம். நம்மூர்ப் போடியார், பெரிய வயல்காரர், வந்த விருந்தாளிக்குத் தன் வயல் வட்டையைச் சுற்றிக் காட்டுவது மாதிரித்தான் காட்டினாள்.

யெரிங் ஸ்டேஷன் என்ற இடத்தைக் கேளுங்கள். விக்டோரியா மாநிலத்தின் முதல் முந்திரிகைத் தோட்டம், 1838இல் நட்டது. இடையில் அந்தப் பள்ளத்தாக்கே முந்திரிகையைக் கைவிட்டு மாடு வளர்த்தது, 1960களில்தான் மறுபடி நட்டார்கள். விட்ட பயிருக்குத் திரும்பி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்று விவசாயிக்குத் தெரியும்.

அக்கரைப்பற்று, இப்போது மெல்பேர்ன்:
அன்ரி, சேலையோடு தாராளமாக வாருங்கள், ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். சுவெட்டர் மட்டும் கையில் இருக்கட்டும், இங்கே ஒரே நாளில் வெயிலும் மழையும் குளிரும் வரும். ருசி பார்க்கக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், ருசித்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரமும் இருக்கும். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று சொன்னால் போதும். பல இடங்களில் ருசி பார்க்கக் காசு எடுப்பார்கள், சனி ஞாயிறில் முன்பே புக் பண்ண வேண்டும்.

முக்கியமானது கார். இங்கே இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 சதவீதத்தை எட்டினாலே வழக்கு. தம்பி புது லைசன்ஸ்காரர் என்றால் ஒரு சொட்டும் கூடாது. அவரே ஓட்டுவதென்றால் ருசி பார்க்க வேண்டாம் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அம்மா சொன்னால் கேட்பார். அங்கிளுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும், ஆனபடியால் பகல் சாப்பாட்டை ஹீல்ஸ்வில் ஊரில் வைத்துக்கொண்டு, பின்னேரம் அங்கே உள்ள மிருகக் காப்பகத்துக்குப் போங்கள். கங்காரு, கோலா, பிளாட்டிபஸ் எல்லாம் பார்க்கலாம்.

வேலை நாட்களுக்கு கோச்சி, பஸ், டிராம் எல்லாவற்றுக்கும் செல்லும் மைக்கி என்ற பயண அட்டையை ஆளுக்கொன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள். கோச்சியில் சிட்டிக்கு வந்துவிட்டால் நடுப்பகுதியில் டிராம் இலவசம். 35ஆம் இலக்க டிராம் நகரைச் சுற்றி வரும், ஏறி யன்னலோரம் உட்கார்ந்தால் போதும். மாநில நூலகத்தில் 1913இல் திறந்த குவிமாட வாசிப்பு மண்டபம் இருக்கிறது, காசு இல்லை, அங்கிள் நிச்சயம் விரும்புவார். குயின் விக்டோரியா சந்தைக்குத் திங்களும் புதனும் போகாதீர்கள், பூட்டியிருக்கும். கோயிலுக்கு என்றால் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில், உங்களுக்குக் கிட்ட.

கல்லடி அம்மா:
இரண்டு பேருக்கும் மிச்சம் நன்றி. இவர் இப்போதே பீப்பாய்க் கொட்டகையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். மகனுக்குச் சட்டித் தயிரும் கருவாடும் கொண்டுபோக ஆசை. விடுவார்களா?

அக்கரைப்பற்று, இப்போது மெல்பேர்ன்:
தயிர் வேண்டாம் அன்ரி, பறித்துவிடுவார்கள். பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். கருவாடு, மிளகாய்த்தூள், அரிசிமா எதுவானாலும் விமானத்தில் தரும் படிவத்தில் ‘ஆம்’ என்று போட்டு, அதிகாரியிடம் எடுத்துக் காட்டுங்கள். காட்டினால் மிஞ்சிப்போனால் பொருளைத்தான் எடுப்பார்கள். மறைத்தால் பெரிய தண்டம்.